பாதை பல, படி ஒன்று: பல்பாதைச் சேமிப்பில் கருவிநிலைக் கண்காணிப்பும் கொங்கு ஆவணக் காப்பும்

தமிழ்ச் சுவடிகளும் அரிய அச்சு நூல்களும் எண்ணிம வடிவம் பெறுவது குறித்த அறிக்கைகள் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே முன்னிறுத்துகின்றன. எத்தனை பக்கங்கள் படியெடுக்கப்பட்டன என்பது ஒன்று. எத்தனை பேர் பார்வையிட்டனர் என்பது மற்றொன்று. படியெடுக்கப்பட்ட பக்கங்களுள் எத்தனை இன்று பழுதின்றி உள்ளன, அதனை எந்நாளில் எம்முறையால் சோதித்தனர் என்னும் மூன்றாவது செய்தி அரிதாகவே இடம்பெறுகிறது. இதற்குப் பொறியாளர்களை மட்டும் காரணராக்குதல் பொருந்தாது. சேமிப்பகம் 'நலம்' என்று தெரிவிக்கும்போது அது எதன் நலத்தைத் தெரிவிக்கிறது என்று தமிழாய்வாளர் கேளாதிருப்பதும் ஒரு காரணமாகும். பெரிய தரவு மையங்களில் இன்று வழக்கிலுள்ள பல்பாதைச் சேமிப்பு முறையை நோக்கின் இக்கேள்வியின் இன்றியமையாமை தெளிவாகும்.

பல்பாதை என்பது

பெரிய நிறுவனங்களில் கோப்புகள் வழங்கிக் கணினியின் உள்ளேயே இருப்பதில்லை; தனியே அமைந்த சேமிப்புப் பெட்டகத்தில் உள்ளன. வழங்கியில் இரண்டு இணைப்பு அட்டைகள், இடையில் இரண்டு சுவிட்சுகள், பெட்டகத்தில் இரண்டு கட்டுப்படுத்திகள் என அமைத்து, ஒவ்வொரு சுவிட்சையும் இரு கட்டுப்படுத்திகளோடும் இணைத்தால், ஒரே சேமிப்புப் பகுதியை நான்கு வழிகளில் அடையலாம். இயங்குதளத்திற்கு அது முதலில் நான்கு தனித்தனி வட்டுகளாகவே தோன்றும். நான்கும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கியிருப்பதைக் கண்டு அவற்றை ஒரே கருவியாகப் பிணைப்பது மல்டிபாத் மென்பொருளின் பணி. ஒரே புலவரைக் குறிக்கும் நான்கு பெயர் வடிவங்களை ஒருவர்க்கே உரியனவாக அடையாளம் காணும் பதிப்பாசிரியரின் பணியோடு இதனை ஒப்பிடலாம். ஒரு வடம் அறுந்தாலும் ஒரு சுவிட்சு பழுதானாலும் வேண்டுகோள் வேறு வழியில் செல்லும். கோப்பினைத் திறந்த வாசகர் எதனையும் உணரார்.

ஈரோடு மாவட்டத்து வாசகர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீர் கீழ்பவானி வாய்க்காலின் வழியே ஏறத்தாழ 2,07,000 ஏக்கர் நிலத்திற்குச் செல்கிறது. அதே அணையிலிருந்து ஆற்றில் விடப்படும் நீர் கொடிவேரி அணைக்கட்டில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கும், பவானிக்கு அருகில் காளிங்கராயன் வாய்க்காலுக்கும் பிரிகிறது. வாய்க்கால்கள் பல, நீர்த்தேக்கம் ஒன்று. மதகுகள் அனைத்தும் செவ்வனே ஏறி இறங்குகின்றன என்னும் அறிக்கை உண்மையாக இருக்கலாம். எனினும் அணையில் எத்தனை அடி நீர் உள்ளது என்பதை அவ்வறிக்கை சொல்லாது. உழவர் மதகின் நிலையையும் நீர்மட்டத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கருதுவதில்லை. எண்ணிம ஆவணக் காப்பிலோ இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுகின்றன.

நிலையைக் குறிக்கும் சொற்கள்

லினக்ஸ் இயங்குதளத்தில் பாதைகளைக் காக்கும் பின்னணி நிரல் மல்டிபாத்டி எனப்படுகிறது. இயல்பான அமைப்பில் ஐந்து நொடிக்கு ஒருமுறை அது ஒவ்வொரு பாதையையும் சோதிக்கத் தொடங்கும்; பாதை தொடர்ந்து நலமாயிருப்பின் இடைவெளியை இருபது நொடி வரை நீட்டிக்கொள்ளும். நிலவரம் கேட்டால் ஒவ்வொரு பாதைக்கும் எதிரே மூன்று சொற்களைக் காட்டும்: ஆக்டிவ், ரெடி, ரன்னிங். மூன்றும் ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் அவை மூன்று வேறு சான்றாளர்களின் கூற்றுகளாகும். முதலாவது, கருவிகளைப் பிணைக்கும் கருநிரல் அடுக்கு அப்பாதையைப் பயன்படுத்துகிறதா என்பது. இரண்டாவது, சோதிக்கும் நிரல் கடைசியாகக் கேட்டபோது பெற்ற விடை. மூன்றாவது, அவ்வட்டு இயங்குதளத்தின் கணக்கில் இணைப்பில் உள்ளதா என்பது. பாதை அறுந்த நொடியில் முதற்சொல் ஃபெயில்டு என மாறியும் இரண்டாம் சொல் ரெடி என்றே நிற்பதுண்டு. அடுத்த சோதனை வரும் வரை இவ்விரு சான்றுகளும் முரண்பட்டே இருக்கும். பாடவேறுபாடுகளோடு பழகியவர்க்கு இது வியப்பளிக்காது.

இரண்டாம் சொல்லுக்கு வேறு மதிப்புகளும் உண்டு. ஃபால்டி என்பது பாதை பழுது என்பதாம். கோஸ்ட் என்பது பாதை உயிரோடு இருந்தும் அதன் வழியே இப்போது தரவு பெற இயலாது என்னும் நிலை. ஒரு கட்டுப்படுத்தி பணியில் இருக்க மற்றது காத்திருக்கும் பெட்டகங்களில் இது காணப்படும். அனுபவமற்றவர் இதனைப் பழுதென மயங்குவர். உண்மையில் அது ஓய்வு.

இவற்றினும் முதன்மையான செய்தி, 'ரெடி' என்னும் விடை எவ்வாறு பெறப்படுகிறது என்பதே. பெரும்பாலான அமைப்புகளில் சோதிக்கும் நிரல் பெட்டகத்திற்கு 'டெஸ்ட் யூனிட் ரெடி' என்னும் கட்டளையை அனுப்புகிறது. 'ஆயத்தமா?' என்பது வினா. 'ஆயத்தம்' என்பது விடை. அவ்வினாவிடையில் சேமிக்கப்பட்ட எழுத்து ஒன்றுகூடப் படிக்கப்படுவதில்லை. வேறொரு சோதனை முறை வட்டின் முதற்பகுதியை மட்டும் படித்துப் பார்க்கும். ஏட்டுக் கட்டின் மேற்பலகையைத் தட்டிப் பார்த்தும் முதல் ஏட்டைப் புரட்டிப் பார்த்தும் முழுச் சுவடியும் நலம் என்று எழுதிவைப்பதற்கு ஒப்பானது இது. மென்பொருளின் மீது இதில் குற்றமில்லை. பாதை திறந்துள்ளதா என்பதை அறியவே அது படைக்கப்பட்டது. அவ்வினாவிற்கு நேர்மையாகவே விடையளிக்கிறது. அவ்விடையைத் தரவின் நலத்திற்குச் சான்றாகக் கொள்வதே பிழை.

வெற்றியே மறைக்கும் பழுது

பல்பாதை முறையின் நோக்கம் பழுதை வாசகர் உணராதவாறு தாங்கிக்கொள்வது. அந்நோக்கம் எவ்வளவு நன்றாக நிறைவேறுகிறதோ அவ்வளவுக்குப் பழுது கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. நான்கு பாதைகளுள் மூன்று அற்றுப்போனாலும் நூலகப் பக்கம் திறக்கும், சற்றே தாமதமாகலாம். நிலைப்பட்டியலை எவரும் நோக்காவிடின் அந்த நான்காவது பாதை அறும் நாளே முதற்பழுது நேர்ந்த நாளாகப் பதிவாகும். அதன் பின்னரும் பழுது உடனே வெளிப்படும் என்பதற்கில்லை. பாதைகள் அனைத்தும் அற்றால் வேண்டுகோள்களை வரிசையில் நிறுத்திக் காத்திருக்குமாறு அமைப்பதும் வழக்கம். அப்போது பிழைச்செய்தி எதுவும் வராது. திரை உறைந்து நிற்கும்.

பாதை அறுவதும் மீள்வதுமாக ஊசலாடும் நிலை இதனினும் வஞ்சகமானது. தளர்ந்த வடமோ தூசு படிந்த கண்ணாடி இழை முனையோ காரணமாக ஒரு பாதை சில நொடிகள் மறைந்து மீளும். ஒவ்வொரு முறை நோக்கும்போதும் அது நலமாகவே காணப்படும். இத்தகைய பாதையைக் கண்டு ஒதுக்கிவைக்கும் வசதி மென்பொருளில் உண்டு. ஆனால் குறித்த கால அளவில் நேர்ந்த பிழைகளை எண்ணுமாறு அதனை யாரேனும் பணிக்க வேண்டும். ஒரு கணத்து நிலையைக் காட்டும் பட்டியலைவிட நிலைமாற்றங்களின் வரலாறே பயன் மிக்கது என்பது இதனால் பெறப்படும்.

வட்டின் தன்னறிக்கையும் முழுச் சான்றாகாது. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழுதான தட்டுகளுள் 56 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை பழுதை முன்னறிவிக்கும் வலுவான நான்கு குறிகளுள் ஒன்றையேனும் காட்டவில்லை. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு 15,30,000 தட்டுகளை 41 மாதங்கள் கவனித்தது. எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று என்னும்படியான முரண்பாடுகள் அதில் நான்கு லட்சத்திற்கும் மேல் கண்டறியப்பட்டன. இவற்றைக் காட்டிக்கொடுத்தது பாதைச் சோதனை அன்று; தரவோடு சேர்த்து எழுதி வைக்கப்பட்ட சரிபார்ப்புத் தொகையே ஆகும்.

2021 டிசம்பரில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினிச் சேமிப்பில் ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. அழித்தது காப்புநகல் எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழை. நெருப்போ வெள்ளமோ வரவில்லை. அழிக்கும் கட்டளையும் படிக்கும் கட்டளை போலவே நல்ல பாதைகளில் தடையின்றிச் செல்லும்.

பாதையும் படியும்

தமிழ்ப் பதிப்பியல் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்துள்ளது. அறிந்ததைப் புதிய ஊடகத்திற்குப் பொருத்திப் பார்க்கவில்லை என்பதே குறை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தபோது பல இடங்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். எனினும் புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. சுவடிகளின் எண்ணிக்கை மிகுந்தும் குறை நிரம்பாமைக்கு விளக்கம் எளிது: அவை முன்பே சிதைந்துபோன ஒரு மூலத்திலிருந்து கிளைத்திருத்தல் வேண்டும். ஒரே சிதைந்த மூலத்தின் பத்துப் படிகள் பத்துச் சான்றுகள் ஆகா. சிதைந்த இடத்தைப் பொறுத்தவரை அவை ஒரே சான்றுக்குச் செல்லும் பத்து வழிகளே.

கொங்கு நாட்டிற்கு இதில் தனிப்பட்ட இழப்பும் உண்டு. விசயமங்கலத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கொங்குவேளிரின் பெருங்கதை 1924இல் அச்சேறியபோது தொடக்கமும் முடிவும் இன்றியே அச்சேறியது. இன்று அந்நூலை எத்தனை இணையதளங்களிலிருந்து பெற்றாலும் தொடக்கம் கிட்டாது.

அறச்சலூர் இசைக் கல்வெட்டு இதற்கு மறுதலையான ஒரு சான்றினைத் தருகிறது. ஈரோட்டை அடுத்த அம்மலைக் குகையில் பிற்காலத் தமிழ்ப் பிராமியில் ஐந்து வரியாக, வரிக்கு ஐந்து எழுத்தாகத் தாளச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கிடையாகப் படித்தாலும் நெடுக்காகப் படித்தாலும் அவை ஒன்றாகவே அமையும். ஆதலின் ஒரு வரியில் ஓரெழுத்து தேய்ந்தாலும் நெடுக்கில் அதற்கு இணையான இடத்தில் நிற்கும் எழுத்தைக் கொண்டு அதனை மீட்கலாம். ஈண்டுப் பன்மை பாதையில் அன்று, பனுவலிலேயே உள்ளது. சரிபார்ப்புத் தொகை, பழுதுநீக்கும் மிகைக்குறிகள் என்று கணினியியல் இன்று சொல்லும் காப்பு இவ்வகையைச் சேர்ந்ததே. இவ்வெழுத்துகளை அமைத்தவனாக அங்குக் குறிக்கப்படும் தேவன் சாத்தன் ஒரு வண்ணக்கன், அஃதாவது நாணயங்களின் தரத்தைச் சோதிப்பவன் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. வண்ணக்கன் காசுகளை எண்ணித் தருபவனல்லன், உரைத்துப் பார்ப்பவன். எழுத்தமைப்பிலும் அத்தொழிலின் மனப்பாங்கு படிந்திருக்கலாம் என்று கருதுவது ஊகமே எனினும், புறந்தள்ளத்தக்க ஊகமன்று.

துறைகளின் நிலை

இவையெல்லாம் பெருந்தரவு மையங்களுக்கே பொருந்தும், புறவன்தட்டு ஒன்றை மட்டும் வைத்திருக்கும் கல்லூரித் தமிழ்த்துறைக்கு ஏது பல்பாதை என்று வினவலாம். கருவியளவில் அவ்வினா சரியே. ஆனால் வழக்கத்தளவில் சிறு துறைகளே மிகுதியான பாதைகளை வைத்துள்ளன. ஒரு பட்டயத்தின் ஒளிப்படம் துறைக் கணினியில் உள்ளது; பேராசிரியரின் மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் தெரிகிறது; மாணவர்க்கு அனுப்பிய இணைப்பிலும் திறக்கிறது. நான்கு இடங்களில் உள்ளதாகத் தோன்றும் அப்படம் பெரும்பாலும் தானே ஒத்திசையும் ஒரே மேகக் கோப்புறையின் நான்கு தோற்றங்களாகும். ஓரிடத்தில் நீக்கினால் நான்கிடத்தும் நீங்கும். குப்பைத்தொட்டிக்கு உரிய சில நாள் தவணை கடந்தால் மீட்சி இல்லை. பாதைகளைப் படிகளாக எண்ணும் மயக்கம் ஈண்டும் அதுவே.

கொங்கு ஆவணங்களின் தன்மை இம்மயக்கத்தை ஆபத்தாக்குகிறது. செப்பேடுகளும் ஓலைப் பட்டயங்களும் பல ஊர்களில் பட்டக்காரர் இல்லங்களிலும் கோயிற் பூசகர் வீடுகளிலும் மடங்களிலும் இருந்தவை. அறச்சலூர்க் கல்வெட்டை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்த ஈரோட்டுப் புலவர் செ. இராசு இத்தகைய ஆவணங்களை ஊர் ஊராகத் தேடிப் படித்து அச்சேற்றியவர். அவர்தம் காலத்தில் படித்துப் பதிப்பித்தலே காப்பு முறை. அச்சுநூல் பல நூலகங்களில் தனித்தனிப் படிகளாகத் தங்கியது. இன்று ஒளிப்படம் எடுத்துவைத்தலோடு பணி நின்றுவிடுகிறது. படம் எடுத்தாயிற்று என்னும் நிறைவில் மூலத்தின் மீதான கவனம் தளர்கிறது. வீடு இடிக்கப்படுகையிலும் பாகப்பிரிவினையிலும் மூலம் இடம்பெயர்கிறது. அப்போது அப்படமே தனிச்சான்று. அதன் நிலை எவரது பொறுப்பு?

ஒரு குறிப்பேட்டின் தேவை

பொறியியலாரிடம் பாதைக் கண்காணிப்பைக் கோருவது முதற்படி. அஃது இல்லாத பெருஞ்சேமிப்பகம் வைத்திருத்தல் வாயிற்காவலரை நியமித்து அவரிடம் ஒருபோதும் பேசாதிருத்தலை ஒக்கும். ஆனால் தமிழ்த்துறைகள் செய்யவேண்டியது அதனினும் வேறானது. எண்ணிமத் தொகுப்பு ஒவ்வொன்றும் தன் அட்டவணையோடு ஒரு நிலைக்குறிப்பையும் வெளியிடுதல் வேண்டும். ஒன்றையொன்று சாராத படிகள் எத்தனை, அவை எவ்வூர்களில் உள்ளன, கோப்புகள் அனைத்தையும் முழுமையாகப் படித்துச் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்ட இறுதிநாள் எது, எத்தனை கோப்புகள் முரண்பட்டன, அவை எப்படியிலிருந்து மீட்கப்பட்டன, மீட்கப்படாதவை எவை என்பன அக்குறிப்பில் இடம்பெறத்தக்கவை. பாதைகளின் எண்ணிக்கை அதில் வேண்டுவதில்லை.

செலவு மிகும் என்னும் தடை வலுவற்றது. நொடிக்கு 150 மெகாபைட் படிக்கும் எளிய வன்தட்டிலும் ஒரு டெராபைட் முழுவதையும் படித்து ஒப்பிட இரண்டு மணி நேரம் ஆகாது. கருவியும் புதிதாகத் தேடவேண்டியதன்று. ஈரோட்டுக் கல்லூரிகள் பலவற்றின் தமிழ் ஆய்வேடுகள் பாரதியார் பல்கலைக்கழகம் வழியாகச் சேரும் சோத்கங்கா களஞ்சியம் டிஸ்பேஸ் என்னும் மென்பொருளில் இயங்குகிறது. அம்மென்பொருள் கோப்பு உள்வரும்போதே சரிபார்ப்புத் தொகையைக் கணித்துப் பதிந்துவைக்கும்; பின்னர் ஒப்பிடுவதற்கான நிரலும் அதனுள்ளேயே உண்டு. நிரல் இருப்பது வேறு, அது இயக்கப்படுவது வேறு, இயக்கியதன் முடிவு ஆய்வாளர்க்குத் தெரிவது வேறு. மூன்றாவதைக் கேட்கும் உரிமை அக்களஞ்சியங்களை மேற்கோள் காட்டுவோர் அனைவர்க்கும் உண்டு.

ஆய்விதழ்களும் இதில் விலகி நிற்றல் இயலாது. எண்ணிமப் படிமத்தை மூலமாகக் கொண்டு வெளிவரும் பதிப்பில் இணைய முகவரியும் பார்த்த நாளும் இன்று தரப்படுகின்றன. முகவரி என்பது பாதையே. அப்படிமக் கோப்பின் சரிபார்ப்புத் தொகையை உடன் தந்தால், பத்தாண்டு கழித்து அதே முகவரியில் திறக்கும் கோப்பு பதிப்பாசிரியர் கண்ட அதே கோப்புதானா என்பதை எவரும் சோதிக்கலாம். பரவலாக வழங்கும் ஷா-256 முறையில் அத்தொகை 64 குறிகளால் ஆனது. ஏறத்தாழ ஒரு வெண்பாவின் எழுத்தளவு. அடிக்குறிப்பில் அதற்கு இடமில்லை என்று எந்தப் பதிப்பாசிரியரும் சொல்லார்.

பழுதை வெளியிட்டால் நிறுவனத்தின் மதிப்புக் குன்றும் என்னும் அச்சமே உண்மையான தடை. பதிப்பியல் மரபு இவ்வச்சத்தை முன்னரே கடந்துவிட்டது. ஏடு முறிந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டியதற்காகவும் கிடைக்காத பாடலின் எண்ணைக் காலியாக விட்டதற்காகவும் எப்பதிப்பாசிரியரும் இகழப்படவில்லை. மாறாக, நிரப்பி எழுதியவர்களே ஐயத்திற்கு உள்ளாயினர். முந்நூறு கோப்புகளுள் நான்கு முரண்பட்டன என்று எழுதும் துறை, அனைத்தும் நலம் என்று ஆண்டுதோறும் எழுதும் துறையினும் நம்பத்தக்கது.

எங்குத் தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு எழலாம். பார்வையாளர் மிகுந்த தொகுப்புகளிலிருந்து தொடங்குவதே இயல்பாகத் தோன்றும். ஆயின் அச்சில் பலமுறை வந்த நூல்களின் படிமங்கள் பழுதுற்றாலும் மீண்டும் எடுக்க நூல் உண்டு. மூலம் தனியார் இல்லத்தில் இருக்கும் செப்பேட்டுப் படிமங்களையும் ஓலைப் படிமங்களையும் முதலில் சோதித்தலே முறை. அவற்றுள் ஒன்று சிதைந்திருப்பது இவ்வாண்டு தெரியவந்தால் அவ்வீட்டிற்கு மீண்டும் சென்று படமெடுக்கலாம். அச்செப்பேடு கைமாறிய பின்னர்த் தெரியவந்தால் நான்கு பாதைகளும் ரெடி என்றே காட்டிக்கொண்டிருக்கும்.